ஐஸ் நாள்லயும் சைக்கிள் ஓட்டலாம்: டொரொண்டோ குளிர்ல முதல் தடவை இறங்குறவங்களுக்கு

நவம்பர் வந்துட்டா டொரொண்டோல நிறைய பேரு சைக்கிள ஓரங்கட்டிடுவாங்க. புதுசா இந்த ஊருக்கு வந்தவங்களுக்கு குளிர்காலம் இன்னும் கஷ்டம், வேலைக்குப் போறது வீட்டுக்கு வர்றது தவிர வெளிய காலே வைக்காம ஜனவரியும் பிப்ரவரியும் ஓடிடும், சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிடும், மனசே ஒரு மாதிரி ஆயிடும். அந்த மாசங்கள்ல ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் சைக்கிள்ல ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்தா அந்த வாரமே வேற மாதிரி இருக்கும், இத நான் மனசார சொல்றேன். ஆபீசுக்குப் போறதுக்காக இல்லாம சும்மா சந்தோஷத்துக்காக, ஐஸும் ஸ்னோவும் கிடக்கிற நாள்ல முதல் தடவை சைக்கிள் எடுக்கப் போறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடறேன், மீதி எல்லாம் இதுல இருந்துதான் வரும். தினமும் சைக்கிள்ல வேலைக்குப் போறவங்களுக்கு சாய்ஸ் கிடையாது, ஒன்பது மணிக்கு அங்க இருக்கணும்னா ராத்திரி என்ன கொட்டியிருந்தாலும் கிளம்பித்தான் ஆகணும். நமக்கு அப்படி இல்ல. எந்த நாள், எந்த நேரம், எந்தப் பாதை, எவ்வளவு தூரம், எல்லாமே நம்ம கைல இருக்கு. டயர், டிரஸ், ஹெல்மெட் எல்லாத்தையும் விட நம்மள காப்பாத்துறது இந்த சுதந்திரம்தான், அத முழுசா யூஸ் பண்ணா ஆபத்துல பெரும்பகுதி வீட்டுக் கதவைத் திறக்குறதுக்கு முன்னாடியே குறைஞ்சிடும்.

முதல்ல நாளைப் பாருங்க

எல்லாரும் பயப்படுறது குளிருக்கு. போன்ல மைனஸ் 10ன்னு பார்த்தா போர்வைய இழுத்துப் போத்திக்குவாங்க, ப்ளஸ் 1ன்னு பார்த்தா சரி இன்னைக்கு ஓட்டலாம்னு கிளம்புவாங்க. ஐஸ் விஷயத்துல இது அப்படியே தலைகீழ். டொரொண்டோல ஜனவரி மாசம் சராசரியா பகல்ல மைனஸ் 1 பக்கமும் ராத்திரில மைனஸ் 7 பக்கமும் இருக்கும், அதாவது பூஜ்யத்துக்கு மேலயும் கீழயும் போயிட்டு வந்துட்டே இருக்கும். பகல்ல ஓரத்துல குவிஞ்ச ஸ்னோ உருகி தண்ணி பாதைக்குக் குறுக்க ஓடும், ராத்திரி அது மெல்லிசா உறைஞ்சிடும், காலைல பார்த்தா வெறும் ஈரத் தார் ரோடு மாதிரிதான் தெரியும். அதுதான் பிளாக் ஐஸ். வின்னிபெக் மாதிரி வாரக்கணக்கா மைனஸ்லயே கிடக்குற ஊர்ல ஸ்னோ அமுங்கி காய்ஞ்சு டயருக்கு நல்ல பிடிப்பு குடுக்கும், நம்ம ஊர்ல அந்த வசதி ரொம்ப நாளைக்கு நிக்காது. இன்னொண்ணு, ஐஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கும்போது அது மேல ஒரு தண்ணிப் படலம் இருக்கும், அப்பதான் வழுக்கல் ஜாஸ்தி. மைனஸ் 12ல அதே ஐஸ்ல பிடிப்பு கொஞ்சம் கூடவே கிடைக்கும்.

அதனால இன்னைக்கு எத்தனை டிகிரின்னு மட்டும் பார்க்காதீங்க, நேத்து என்ன நடந்துச்சுன்னு பாருங்க. நேத்து பகல்ல ப்ளஸ் 3, கொஞ்சம் மழை, ராத்திரி மைனஸ் 6ன்னு இருந்தா இன்னைக்குக் காலைல வெளிய போகவே வேணாம். ரெண்டு மூணு நாளா மைனஸ்லயே இருந்து, புது ஸ்னோ விழாம, காத்தும் 20 கிலோமீட்டருக்குக் கம்மியா இருந்தா அது அருமையான நாள், மைனஸ் 8 ஆனாலும் பரவால்ல. ஐஸ் இருக்கிற பாதைல புதுசா ரெண்டு சென்டிமீட்டர் ஸ்னோ விழுந்திருக்குன்னா அது ரொம்ப மோசம், அழகாத்தான் இருக்கும், ஆனா கீழ என்ன இருக்குன்னு கண்ணுக்கே தெரியாது. நேரம்னு பார்த்தா காலைல 11ல இருந்து மதியம் 2க்குள்ள வச்சுக்கோங்க, வெயில் நேரா விழும், உப்பு போட்டிருந்தா அது வேலை செஞ்சிருக்கும். சாதாரண ரோட்டு உப்பு மைனஸ் 10க்குக் கீழ போனா பெருசா வேலைக்கு ஆகாது, உப்பு போட்டிருக்காங்கன்னு அந்தக் குளிர்ல நம்பாதீங்க.

ஃப்ரீசிங் ரெய்ன், அதாவது விழுந்த உடனே ஐஸா உறையுற மழை வரும்னு எச்சரிக்கை வந்தா எந்த டயர் இருந்தாலும் வீட்லயே இருங்க. 2013 டிசம்பர்ல கிறிஸ்மஸுக்கு முன்னாடி வந்த ஐஸ் புயல்ல மரக்கிளையெல்லாம் ஐஸ் கனம் தாங்காம முறிஞ்சு கரண்ட் கம்பி மேல விழுந்து லட்சக்கணக்கான பேர் நாள்கணக்கா இருட்டுல இருந்தாங்க, அந்த மாதிரி நேரத்துல ஆபத்து தரைல மட்டும் இல்ல, தலைக்கு மேலயும் இருக்கு.

அடுத்தது காத்து. மைனஸ் 10ல 20 கிலோமீட்டர் வேகத்துல காத்தடிச்சா விண்ட் சில், அதாவது காத்தோட சேர்த்து உடம்புக்குத் தெரியுற குளிர், மைனஸ் 18. காத்தே இல்லாத நாள்னாலும் நீங்க 20 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டினா அந்தக் காத்த நீங்களே உண்டாக்குறீங்க, மூஞ்சிக்கு ரெண்டும் ஒண்ணுதான். விண்ட் சில் மைனஸ் 28ஐத் தாண்டிட்டா மூடாத தோல் 10 நிமிஷத்துல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைய ஆரம்பிக்கலாம்னு கனடா வானிலைத் துறை சொல்லுது. புதுசா ஓட்டுறவங்களுக்கு நான் சொல்றது, முதல் சீசன்ல விண்ட் சில் மைனஸ் 15 வரைக்கும் போதும், அதுக்குக் கீழ போறத அடுத்த வருஷத்துக்கு வைங்க. போகும்போது எதிர்க்காத்துல போங்க, திரும்பும்போது காத்து முதுகுல இருக்கட்டும். மாத்திப் பண்ணா போகும்போது ஜாலியா வேர்த்துக் கொட்டும், திரும்பும்போது அந்த வேர்வை மேலயே காத்தடிச்சு உடம்பு நடுங்கிடும்.

எங்க ஓட்டலாம்

பார்க்குக்குள்ள போற பாதை எல்லாத்தையும் சிட்டி குளிர்காலத்துல சுத்தம் பண்றது கிடையாது. நிறைய இடத்துல நுழையும்போதே குளிர்காலப் பராமரிப்பு இல்லன்னு போர்டு இருக்கும், அத சீரியஸா எடுத்துக்கோங்க. எதுல ஸ்னோ அள்ளுவாங்கன்னு சிட்டி மேப் போடுது, ரைடு பிளான் பண்றதுக்கு முன்னாடி அத ஒரு தடவை பார்த்துடுங்க.

ஆரம்பிக்க நல்ல இடம் ஏரிக்கரையோரமா போற மார்ட்டின் குட்மன் ட்ரெயில். டொரொண்டோ ஸ்டார் பத்திரிகை ஆசிரியரா இருந்தவர் பேர்ல இருக்கிற பாதை, நகரத்தோட நடுப்பகுதில பெரும்பாலும் சமதளம், கார் தொல்லை இல்ல, குளிருதுன்னா ஒதுங்குறதுக்குப் பக்கத்துலயே காபிக் கடை இருக்கு. ஆனா ரெண்டு இடத்துல ஜாக்கிரதை. கிழக்குக் காத்து பலமா அடிச்சா ஏரி அலை கரைல மோதி தண்ணி பாதை மேல தெறிக்கும், தெறிச்சது அப்படியே உறையும், வானிலை அறிக்கைல இதெல்லாம் வராது. ரெண்டாவது, பாலம். ஹம்பர் பே வளைவுப் பாலம் மாதிரி இடங்கள்ல மேலயும் கீழயும் காத்து போறதால தரைய விட பாலம் முதல்ல உறையும், கடைசியாத்தான் உருகும். வர்ற வழியெல்லாம் காய்ஞ்சு கிடந்தாலும் பாலத்துல ஏறுறதுக்கு முன்னாடி வேகத்தக் குறைச்சிடுங்க.

டான் ஆத்து ஓரமா, ஹைலாண்ட் க்ரீக் ஓரமா போற பள்ளத்தாக்குப் பாதைங்க ரொம்ப அழகு, ஆனா முதல் மாசத்துல வேணாம்னு சொல்லுவேன். பள்ளத்துல குளிர் காத்து இறங்கித் தங்கும், மர நிழல்ல வெயில் படாது, மேல ரோட்டுல ஐஸே இல்லாத நாள்லயும் கீழ நடந்து போனவங்க காலடி எல்லாம் அப்படியே உறைஞ்சு கல்லு கல்லா கிடக்கும். அதோட உள்ள இறங்குற பாதை சரிவா இருக்கும், இறங்குறது கூட சமாளிச்சிடலாம், ஏறி வெளிய வர்றது பெரும்பாடு.

கொஞ்சம் பழகினதும் டொரொண்டோ தீவுக்குப் போயிட்டு வாங்க. குளிர்காலத்துல ஃபெரி தீவோட ஒரு பகுதியான வார்ட்ஸ் ஐலண்டுக்கு மட்டும்தான் போகும், சைக்கிள ஏத்திக்கலாம், அங்க சில நூறு பேர் வருஷம் பூரா குடியிருக்காங்க, கார் நடமாட்டம் கிட்டத்தட்ட கிடையாது. கோடைல தள்ளுமுள்ளா இருக்கிற அதே பாதைல ஜனவரி மாசம் நீங்களும் வாத்துங்களும்தான். திரும்புற ஃபெரி நேரத்த முதல்லயே குறிச்சுக்கோங்க, தவறவிட்டா அடுத்ததுக்கு கரைல நின்னு விறைக்கணும். லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிட், அதாவது டாமி தாம்ப்சன் பார்க்கும் சனி ஞாயிறுல திறந்திருக்கும், ஏரிக்குள்ள 5 கிலோமீட்டர் நீட்டிக்கிட்டு இருக்கிற நிலம், வெள்ளை ஆந்தை கூட சில வருஷம் தெரியும். மறைப்பே இல்லாத இடம்ங்கிறதால காத்தடிக்கிற நாள்ல மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க.

உறைஞ்ச குளத்து மேலயோ ஏரி மேலயோ ஓட்டலாமான்னு கேப்பாங்க. வேணாம். ஒருத்தர் நடக்கவே குறைஞ்சது 15 சென்டிமீட்டர் தெளிவான ஐஸ் வேணும்னு கனடா செஞ்சிலுவைச் சங்கம் சொல்லுது, அந்தக் கனம் குளம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது, கரையோரத்துலயும் தண்ணி உள்ள வர்ற இடத்துலயும் மெல்லிசா இருக்கும். இத அளக்கத் தெரிஞ்சவங்க விஷயமா விட்டுடுங்க.

காசு செலவு பண்ணணும்னா டயருக்கு

புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல ஜாக்கெட்தான் வாங்குவாங்க. ஜாக்கெட்டுக்கு வீட்ல இருக்கிறதே போதும், காச டயருக்கு வைங்க. ரப்பர்ல கார்பைடுங்கிற ரொம்பக் கெட்டியான பொருள்ல செஞ்ச சின்னச் சின்ன முனை பதிச்ச ஸ்டட் டயர் இருக்கு, ஷ்வால்பே, ஃபார்ட்டிஃபைவ் நார்த், ஃபின்லாந்துல இருந்து வந்த சுவோமி மாதிரி கம்பெனிங்க போடுறாங்க, ஒரு டயர் சுமாரா 80ல இருந்து 150 டாலர் வரைக்கும் ஆகும். விலை ஜாஸ்திதான், ஆனா மூணு நாலு சீசன் வரும், ஒரு தடவை மணிக்கட்டு முறிஞ்சா ஆகுற கஷ்டத்தோட வச்சுப் பார்த்தா இது ஒண்ணுமே இல்ல. கார்பைடு முனைதானான்னு கேட்டு வாங்குங்க, சாதா இரும்பு முனைன்னா தார் ரோட்டுல சீக்கிரம் தேஞ்சிடும்.

டயருக்கு டயர் ஸ்டட் எண்ணிக்கை மாறும், 100 சொச்சம் இருக்கிறதும் இருக்கு, 240 இருக்கிறதும் இருக்கு. பெரும்பாலும் சுத்தமான பாதைல போயி அங்கங்க ஐஸ் வந்தா போதும்னா குறைவா இருக்கிறதே போதும், உறைஞ்ச காலடி, டயர் தடம்னு மேடு பள்ளமா இருக்கிற இடத்துல போறதா இருந்தா பக்கவாட்டுலயும் ஸ்டட் இருக்கிற நாலு வரிசை டயர் வாங்குங்க. ஒண்ணுதான் வாங்க முடியும்னா அத முன் சக்கரத்துல போடுங்க. பின் சக்கரம் வழுக்கினா பெரும்பாலும் கால ஊனிடலாம், முன் சக்கரம் வழுக்கினா யோசிக்கக்கூட நேரம் கிடைக்காது. வாங்கும்போதே மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல இடம் இருக்கான்னு கடைல போட்டுப் பாருங்க, ஸ்டட் உரசினா மட்கார்டு கிழிஞ்சிடும்.

போட்ட உடனே ஐஸ்ல இறங்காதீங்க. முதல் 40 கிலோமீட்டர் காய்ஞ்ச தார் ரோட்டுல, சடன் பிரேக் போடாம, எழுந்து நின்னு மிதிக்காம மெதுவா ஓட்டுங்க, அப்பதான் ஸ்டட் ரப்பருக்குள்ள நல்லா உக்காரும், இல்லன்னா கழண்டு போயிடும். சத்தம் கேக்கும், கரகரன்னு, அது அப்படித்தான். அப்பார்ட்மெண்ட்ல மரத்தரை இருந்தா உள்ள உருட்டிட்டுப் போகாதீங்க, கோடு விழும், தூக்கிட்டுப் போங்க இல்லன்னா பழைய பாய் ஒண்ண விரிச்சு வைங்க.

ஃபேட் பைக்கோட தடிச்ச டயர் இருந்தா ஸ்டட் தேவையில்லன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உதிரி ஸ்னோல அது ராஜா, வெறும் ஐஸ்ல ஸ்டட் இல்லாத தடிமன் டயரும் வழுக்கத்தான் செய்யும்.

டயர்ல அடிக்கிற காத்து விஷயம் ஒண்ணு. வீட்டுக்குள்ள 20 டிகிரில 45 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிச்சீங்கன்னா வெளிய மைனஸ் 10ல அது 39 பக்கம் வந்துடும். இது தெரிஞ்சு அடிங்க. டயர் ஓரத்துல போட்டிருக்கிற குறைஞ்சபட்ச அளவுக்குப் பக்கத்துல வச்சா ஐஸ்ல நிறைய ஸ்டட் தரைல படும், பிடிப்பு நல்லா இருக்கும்.

சைக்கிள்ல மத்தது

புது சைக்கிள் வேணாம், பழசுதான் நல்லது, உப்பு எல்லாத்தையும் அரிக்கும். மட்கார்டு கட்டாயம், இல்லன்னா உப்புத் தண்ணி முதுகு பூரா. செயினுக்கு மழைக்காலத்துக்குப் போடுற கெட்டியான எண்ணெய் போடுங்க. டிஸ்க் பிரேக் இருந்தா நல்லது, ரிம்ல, அதாவது சக்கர விளிம்புல ஐஸ் கட்டினா அதப் பிடிச்சு நிறுத்துற வி-பிரேக் முதல் சில சுத்துக்குப் பிடிக்கவே பிடிக்காது, அப்படி இருந்தா வழில அப்பப்ப லேசா பிரேக்கத் தொட்டு ரிம்ம துடைச்சுக்கிட்டே போங்க. சீட்ட ஒரு சென்டிமீட்டர் ரெண்டு சென்டிமீட்டர் இறக்கிடுங்க, உக்காந்தபடியே ரெண்டு காலும் தரைல படணும். ஷூவ மாட்டிக்கிற கிளிப் பெடல் இருந்தா கழட்டிட்டு சாதா தட்டைப் பெடல் போடுங்க.

பேட்டரி சைக்கிள்காரங்களுக்கு: பேட்டரிய வீட்டுக்குள்ள வச்சு கிளம்பும்போது மாட்டுங்க, குளிர்ல தூரம் நல்லாவே குறையும், வீடு திரும்பினதும் அது ரூம் சூட்டுக்கு வந்த பிறகுதான் சார்ஜ் போடணும்.

என்ன போட்டுக்கணும்

வாசல்ல நிக்கும்போது லேசா குளிரணும். இதுதான் அளவு. நிக்கும்போதே கதகதன்னு இருந்தா பத்து நிமிஷத்துல வேர்க்கும், வேர்வைதான் குளிர விட மோசம். உடம்புக்கு ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ ஒரு தெர்மல், அதுக்கு மேல மெல்லிய ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்து புகாத ஜாக்கெட், ஜிப்ப இறக்கி ஏத்திக்கிற மாதிரி. பருத்தி டீஷர்ட் வேணவே வேணாம், நனைஞ்சா காயாது. ஊர்ல இருந்து கொண்டு வந்த தடி ஸ்வெட்டரும் பஃபர் கோட்டும் பஸ் ஸ்டாப்ல நிக்கத்தான் சரி, சைக்கிளுக்கு ரொம்ப சூடு.

உடம்பு சமாளிச்சிடும், கை, கால், மூஞ்சி மூணும்தான் பாடாப்படுத்தும். கைக்கு அஞ்சு விரல் கிளவுஸ விட ரெண்டு ரெண்டு விரலா சேர்ந்து இருக்கிற லாப்ஸ்டர் கிளவுஸ் நல்லது, பிரேக்கும் பிடிக்கலாம், விரலும் ஒண்ணுக்கொண்ணு சூடா இருக்கும். இன்னும் வசதி ஹேண்டில்பார்லயே மாட்டுற பெரிய உறை, அதுக்குள்ள கைய விட்டு மெல்லிய கிளவுஸோடவே மைனஸ் 15 வரைக்கும் ஓட்டலாம், பார்க்க எப்படி இருந்தாலும் சரி வாங்கிடுங்க. காலுக்கு ஒரு கம்பளி சாக்ஸ், ஒரு சைஸ் பெரிய ஷூ. ரெண்டு மூணு சாக்ஸ் திணிச்சு இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னு இன்னும் சீக்கிரம் விறைக்கும். மூஞ்சிக்கு மெல்லிய பாலாக்ளாவா, அதாவது தலையையும் மூஞ்சியையும் மூடுற குல்லா, ஹெல்மெட்டுக்குள்ள அடங்குறது, ஹெல்மெட் ஸ்ட்ராப்ப அதுக்கேத்த மாதிரி தளர்த்தி திரும்ப சரியா மாட்டணும், தடி குல்லாய உள்ள போட்டு ஹெல்மெட்ட தலைல மிதக்க விடாதீங்க. கண்ணாடி போடுறவங்களுக்கு மூச்சுக்காத்து மேல போயி பனி படியும், மூக்குக்குக் கீழ துணிய இறக்கி விட்டா குறையும்.

ஆஸ்துமா இருக்கிறவங்க, இதயப் பிரச்சனை இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க, காய்ஞ்ச குளிர் காத்து மூச்சுக் குழாய இறுக்கும். மத்தவங்களும் வாய்க்கு மேல ஒரு துணி போட்டு மூச்சு விட்டா உள்ள போற காத்து கொஞ்சம் ஈரமா சூடா போகும்.

காது, மூக்கு நுனி, கன்னம், விரல் இதுல எங்கயாவது உணர்ச்சி போயி தோல் வெளுத்துப் போச்சுன்னா ரைடு அங்கயே முடிஞ்சது. பக்கத்துக் கடைக்குள்ள போங்க, தேய்க்காதீங்க, ஸ்னோ வச்சுத் தேய்க்கணும்னு சொல்றது ரொம்பத் தப்பு. கைய அக்குள்ள வச்சு, இல்லன்னா வெதுவெதுப்பான தண்ணில மெதுவா சூடு பண்ணுங்க. உணர்ச்சி திரும்பல, கொப்புளம் வருதுன்னா ஆஸ்பத்திரி.

ஐஸ் மேல எப்படி ஓட்டுறது

முதல்ல காலியா இருக்கிற ஒரு பார்க்கிங் லாட்டுக்குப் போங்க, ஞாயித்துக்கிழமை காலைல ஸ்கூல், ஆபீஸ் பக்கத்துல கிடைக்கும். அங்க அரை மணி நேரம் மெதுவா வட்டம் போடுங்க, பின் பிரேக்க மட்டும் பிடிச்சு எப்ப வழுக்குதுன்னு பாருங்க, எங்க பிடிப்பு போகுதுன்னு உடம்புக்குத் தெரியணும், படிச்சுத் தெரிஞ்சுக்கிற விஷயம் இல்ல அது. நடக்கிற வேகத்துல வழுக்கிப் பழகினவங்க ட்ரெயில்ல பதற மாட்டாங்க.

ஐஸ் திட்டு முன்னாடி தெரியுதுன்னா அதுக்கு முன்னாடியே வேகத்தக் குறைச்சிடுங்க. அது மேல ஏறின பிறகு மூணு விஷயம் செய்யக் கூடாது: பிரேக் பிடிக்கிறது, ஹேண்டில திருப்புறது, பெடல அழுத்தி மிதிக்கிறது. சீட்லயே உக்காருங்க, தோள தளர்த்துங்க, கண்ணு ஐஸ்ல இல்லாம அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நல்ல தரைல இருக்கணும், சின்ன கியர்ல பெடல மெதுவா சுத்திக்கிட்டே நேரா கடந்துடுங்க. பயத்துல ஹேண்டில இறுக்கிப் பிடிக்கிறவங்கதான் விழுறாங்க, சைக்கிள் கொஞ்சம் ஆடும், ஆடட்டும், அதுவே நேராயிடும்.

வளைவுல கோடைல மாதிரி சாயக் கூடாது. வளைவுக்கு முன்னாடி வேகத்தக் குறைச்சு, சைக்கிள நிமிர்த்தி வச்சு, பெரிய வட்டமா திரும்புங்க. பிரேக்குன்னா பின் பிரேக்தான், முன் பிரேக் காய்ஞ்ச தரைல மட்டும். நிறுத்துற தூரம் கோடைய விட பல மடங்கு ஆகும், சிக்னல் தூரத்துல தெரியும்போதே மிதிக்கிறத விட்டுடுங்க.

ஸ்னோல வகை இருக்கு, பார்த்துப் பழகுங்க. புதுசா விழுந்த உதிரி ஸ்னோ 5 சென்டிமீட்டர் வரைக்கும் சுகம், அமுங்கின வெள்ளை ஸ்னோ இன்னும் சுகம். உப்பும் கார் டயரும் சேர்ந்து அரைச்சு நாட்டுச்சர்க்கரை மாதிரி பழுப்பா குவிஞ்சு கிடக்கிறது இருக்கு பாருங்க, அதுதான் ஏமாத்தும், முன் சக்கரம் அதுக்குள்ள புதைஞ்சு தானா ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டட்டும் அதுல உதவாது. ரோட்டோரத்துல அது இருந்தா இறங்கித் தள்ளிட்டுப் போங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல. உறைஞ்ச டயர் தடத்துக்குள்ள சக்கரம் மாட்டிக்கிட்டா பாதிலயே வெளிய வரப் பார்க்காதீங்க, அது முடியுற வரைக்கும் அதுலயே போங்க.

டவுன்டவுன்ல குவீன், கிங், ஸ்பெடைனா மாதிரி ரோடுங்கள்ல ஸ்ட்ரீட்கார் தண்டவாளம் இருக்கும். ஈர இரும்பு, அது மேல ஸ்னோ. எப்பவும் குறுக்க, முடிஞ்ச அளவுக்குச் செங்கோணமா கடங்க, சந்தேகமா இருந்தா இறங்கி நடங்க. ஸ்டட் டயர் இருக்குன்னு இங்க தைரியம் காட்டாதீங்க, இரும்புல ஸ்டட் இறங்காது.

விழுறதப் பத்தியும் பேசிடணும். விழப்போறோம்னு தெரிஞ்சா கைய நீட்டி ஊனப் பார்ப்போம், அப்படித்தான் மணிக்கட்டு முறியுது. ஹேண்டில விடாம, முழங்கைய மடக்கி, சைக்கிளோட சேர்ந்து இடுப்புப் பக்கமும் தொடைப் பக்கமும் தரைல படுற மாதிரி சாயுங்க. குளிர்கால டிரஸ் தடிமனா இருக்கிறதால மெதுவான வேகத்துல பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. எழுந்ததும் பிரேக், ஹேண்டில் நேரா இருக்கான்னு பாருங்க, தலைல அடிபட்டா அன்னைக்கு ஓட்டுறத நிறுத்திடுங்க, ஹெல்மெட்டையும் மாத்திடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி பைல

டிசம்பர்ல சூரியன் 4:40க்கே இறங்கிடும். டொரொண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி சூரிய அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் முன்னாடியே முன்னால வெள்ளை லைட்டும் பின்னால சிவப்பு லைட்டோ ரிஃப்ளெக்டரோ இருக்கணும், மணியும் வேணும். பகல்லயே லைட் போட்டுக்கோங்க, ஸ்னோ வெளிச்சத்துல கார்காரங்க கண்ணு கூசும். போன உள் பாக்கெட்ல உடம்போட ஒட்டி வைங்க, வெளிப் பாக்கெட்ல வச்சா 60 சதவீதம் சார்ஜ் காட்டிட்டே அணைஞ்சிடும். தண்ணி பாட்டில் உறையும், சின்ன ஃபிளாஸ்க்ல சூடா டீயோ சுக்குத் தண்ணியோ எடுத்துட்டுப் போங்க, பாதி வழில அத குடிக்கிற சுகமே தனி. இன்னொரு ஜோடி காய்ஞ்ச கிளவுஸ். பஸ், சப்வேக்குக் காசு கட்டுற ப்ரெஸ்டோ கார்டு. டிடிசி (டொரொண்டோ போக்குவரத்துக் கழகம்) பஸ்ல முன்னாடி சைக்கிள் மாட்டுற ரேக் இருக்கும், சப்வேல பேட்டரி இல்லாத சாதா சைக்கிள வார நாள்ல காலை 6:30ல இருந்து 10, சாயங்காலம் 3:30ல இருந்து 7 தவிர மத்த நேரம் ஏத்தலாம், முடியலன்னா வீட்டுக்குப் போக அது ஒரு வழி. முதல் ரைடு அரை மணி நேரம் போதும், வீட்ட விட்டு ரொம்பத் தூரம் போகாம சுத்துங்க. ஒருத்தர் துணைக்கு வந்தா ரொம்ப நல்லது, வரலன்னா எந்தப் பாதைல போறீங்கன்னு வீட்ல சொல்லிட்டுப் போங்க.

திரும்பி வந்ததும்

முதல்ல நீங்க. ஈர டிரஸ்ஸ உடனே மாத்துங்க, டீ அப்புறம். பிறகு சைக்கிள்: ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணி, பழைய துணி, செயினையும் கியரையும் பிரேக்கையும் துடைச்சு உப்ப எடுங்க, நல்லா காயவச்சு செயினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய். இத அஞ்சு நிமிஷம் செய்யாம விட்டா ஒரே வாரத்துல செயின் துருப்பிடிச்சு விறைச்சிடும். சைக்கிள சூடான வீட்டுக்குள்ள வச்சு, காயுறதுக்கு முன்னாடி திரும்ப குளிருக்கு எடுத்துட்டுப் போறதுதான் இருக்கிறதிலயே மோசம், உருகின தண்ணி கேபிளுக்குள்ளயும் பின் சக்கரத்தோட நடுவுல இருக்கிற ஹப்புக்குள்ளயும் போயி வெளிய போனதும் உறையும், கியர் மாறாது, சில சமயம் பெடல் சும்மா சுத்தும், சக்கரம் நகராது. ஒண்ணு முழுசா காயவிடுங்க, இல்லன்னா குளிரான ஷெட்லயே விட்டுடுங்க.

ஏப்ரல் பாதி வரைக்கும் ஸ்டட் டயர கழட்டாதீங்க, மார்ச் கடைசில ஒரு வாரம் வெயிலடிச்சா எல்லாரும் அவசரப்படுவாங்க, அதுக்கப்புறமும் ராத்திரி மைனஸுக்குப் போகும். கழட்டும்போது எந்தப் பக்கமா சுத்துச்சுன்னு டயர் ஓரத்துல சாக்பீஸால ஒரு அம்புக்குறி போட்டு, முன்னது எது பின்னது எதுன்னு எழுதி வைங்க, ஸ்டட் ஒரு பக்கமா தேஞ்சிருக்கும், அடுத்த சீசன்லயும் அதே திசைல மாட்டினாத்தான் கழண்டு விழாம இருக்கும். கழுவி காயவச்சு வெயில் படாத அலமாரில போட்டுடுங்க, ஹீட்டர் பக்கத்துல வேணாம், ரப்பர் வெடிச்சிடும்.